வாங்காத கை

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் என் முதலாளியம்மாவைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: கொடுத்துச் சிவந்த கை. நானும் மறுக்க மாட்டேன். என்னைக் கல்லூரியில் சேர்த்தது அவர். படிப்பு முடிந்ததும் வேலை கொடுத்தது அவர். அம்மாவுக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தது அவர். என் அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் உச்சி வெயிலில், கடைசிப் பிடி மண் விழும் வரை குடை கூடப் பிடிக்காமல் நின்றதும் அவர்தான். அந்தக் கை கொடுத்ததைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. அது வாங்காமல் விட்டதைப் பற்றி நான்தான் பேச வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை வருஷம் பார்த்துவிட்டேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை.

அன்னூருக்குப் பக்கத்தில் அவருடைய அப்பாவின் தோட்டம். என் தாத்தாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்துப் பண்ணையாட்கள். அம்மாவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சிறுமிகளாக ஒரே கிணற்றடியில் நின்றவர்கள். அவர் மேடையில், அம்மா வாய்க்காலில். கல்யாணமாகிப் போனவர், கணவர் இறந்ததும் திரும்பி வந்தார். மூலையில் உட்காரவில்லை. சென்னிமலை நெசவாளர்களிடம் மேஜை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்யச் சொல்லி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். கோயமுத்தூரில் ஆபீஸ், தோட்டத்தில் தன் பங்கு நிலத்தில் குடோன். அங்கே துண்டு மடித்துக் கட்டும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. வெள்ளைப் புடவை கட்டச் சொன்ன பெரியப்பாவிடம், "துணி யாவாரம் பண்றவ வெள்ளை கட்டுனா எவனுங்க வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, பச்சைப் பட்டுக்கரைச் சேலையில் தானே பியட் கார் ஓட்டிக்கொண்டு சென்னிமலைக்குப் போய் வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ரோட்டில் கார் ஓட்டிய ஒரே பெண்பிள்ளை.

எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கன்றுக்குட்டியைக் கூட "வாங்க சாமி" என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். மத்தியானம் அவருடைய டிபன் கேரியர் திறந்தால் முதல் கரண்டி என் தட்டில்தான் விழும். "சாப்புடுங்க கண்ணு, எலும்புந் தோலுமா இருந்தா இங்கிலீஷ் எப்படி வரும்?" என்பார்.

என் டப்பாவிலிருந்து அவர் எதுவும் எடுத்ததில்லை. ஏனென்றால் அவருக்கு விரதம். செவ்வாய்க்கிழமை விரதம், சஷ்டி விரதம், கிருத்திகை விரதம். அவர் தீவிரமான முருக பக்தை என்று நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? ஆபீஸ் காலண்டரில் அவருடைய விரத நாட்களை ஒன்றுவிடாமல் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், எனக்கு சஷ்டி எது, கிருத்திகை எது என்று தெரியாது. எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் போட்ட வட்டங்கள் அவை. கிறிஸ்துமஸுக்கு அம்மா சுட்ட அதிரசத்தை வருஷம் தவறாமல் கொண்டுபோவேன். "அடடா, மார்கழி விரதமாச்சுங்களே கண்ணு" என்பார். கிறிஸ்துமஸ் எந்த வருஷமும் மார்கழியைத் தாண்டி வருவதில்லை என்பது கூட என் மண்டையில் ஏறவில்லை. அதிரசம் வாட்ச்மேனுக்குப் போகும். வாட்ச்மேன் குடும்பத்தோடு சாப்பிட்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாகுப் பதத்தைப் பாராட்டுவார்.

ஒருநாள் அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். இதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்று அது எனக்குப் பெரிய விஷயம். இவ்வளவு செய்தவருக்கு நான் திருப்பிச் செய்ய வேறு என்ன இருந்தது? தோட்டத்துச் சாளைக் குடிசையை விட்டு ஊருக்குள் நாங்கள் ஓட்டு வீடு கட்டியபோது, குடிபுக நாள் குறித்தது நான்தான். சர்ச் சாமியாரிடம் கேட்கவில்லை, ஆபீஸ் காலண்டரிடம் கேட்டேன். சிவப்பு வட்டம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்தேன்.

வந்தார். வாசலிலேயே நின்று வீட்டை வாயாரப் புகழ்ந்தார். அம்மா இலை போட்டுவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இன்னைக்கு ஒரு வேண்டுதலுங்க கண்ணு. பச்சத் தண்ணி கூடப் பல்லுல படக்கூடாது," என்றார்.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஓடிப்போய் இளநீர்க் குலையோடு வந்தார். இளநீர் விரதத்துக்கு ஆகும் என்று முதலாளியம்மாவே சொல்லிவிட்டு, அப்பாவின் கையிலிருந்து அரிவாளை வாங்கி, தானே சீவி, அண்ணாந்து குடித்தார். தெருவே வாயைப் பிளந்தது. "எத்தனை எளிமையான மனுசி பாருங்க! முதலாளியம்மா தானே சீவிக் குடிக்கிறாங்க!" நானும் பூரித்துப்போனேன். அவர் எதற்காகத் தானே சீவினார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் அப்பாவுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் இளநீரைப் பார்க்காமல் அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லூரியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. நானும் எடுத்து அள்ளினேன். அந்தப் பிரெஞ்சுதான் என்னை அவரோடு விமானத்தில் ஏற்றியது. எங்கள் துணியை வாங்கிக்கொண்டிருந்த பாரிஸ் வியாபாரி திடீரென்று கையை விரித்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர், "அவரு வாங்கி யாருக்கு வித்தாரு? சின்ன ஊருக் கடைக்காரருகளுக்குத்தான? நாமளே போயி வித்துப்போட்டு வரலாம், வாங்க," என்றார். பிரான்சில் ஓவெர்ன் என்கிற மலைநாட்டுப் பக்கம் சந்தை ஊர்கள் நிறைய. விருந்தினருக்கு அறை கொடுக்கும் பண்ணை வீடுகளும் உண்டு. ஒரு வாரம், ஒரு வாடகைக் கார், பின்சீட் நிறைய சாம்பிள் துணி. ஓட்டுவது அவர். வழி கேட்பதும் வாய் பேசுவதும் நான்.

முதல் நாள் ஒரு ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றினோம். "இந்தூருல வலப்பக்கம் போறவன் நல்லவன், இடப்பக்கம் போறவன் செத்தவன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவிந்த எரிமலைகள் எல்லாம் புல் முளைத்துப் பச்சையாகக் கிடந்தன. செம்பட்டை நிறத்தில், கொம்பு விரிந்த மாடுகள் மேய்ந்தன. மாட்டைக் கண்டால் அவருக்குக் கார் ஓடாது. இறங்கி, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வேலி ஓரம் நின்று திமில் இல்லாத அந்த மாடுகளைப் பார்த்து, "ஏனுங்க இப்படி மொட்டையா நிக்கறீங்க? எங்க காங்கேயத்துக்காரரப் பாத்தா நீங்க எந்திரிச்சு ஓடிப்போடுவீங்க," என்று பேசுவார். இதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் அவரை ஏன் அவ்வளவு நேசித்தேன் என்பது யாருக்கும் விளங்காது.

இரண்டாம் நாள் நான் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, மூடியைத் திறந்து, ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினேன்.

"தாகமில்லீங்க கண்ணு."

கால்மணி நேரம் கழித்து ஒரு கிராமத்துக் குழாயடியில் காரை நிறுத்தி, இரண்டு கையாலும் ஏந்தி மடக்மடக்கென்று குடித்தார். சேலை முந்தானை நனைகிற அளவுக்குத் தாகம். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் புரியவில்லை. அன்று ராத்தங்கிய பண்ணை வீட்டில் சூப் கொடுத்தார்கள். அதன் வாசனை எனக்குச் சந்தேகமாக இருந்தது. "மேடம், இதுல மாட்டெலும்பு போட்டிருப்பாங்களாட்ட இருக்குதுங்க. கேக்கட்டுங்களா?" என்றேன்.

"கேக்காதீங்க கண்ணு. கேட்டாத்தான் பாவம்," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வழித்துக் குடித்தார். அந்தப் பண்ணைக்காரர் சற்றுமுன்தான் பன்றிக் கொட்டகையிலிருந்து வந்து கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பரிமாறியவர்.

மூன்றாம் நாள் சஷ்டி. என் டைரியில் குறித்து வைத்திருந்தேன். காலையில் அவருக்காகப் பழமும் பாலும் கேட்கலாம் என்று நான் சமையலறைக்குப் போனால், அவர் ஏற்கெனவே உட்கார்ந்து இரண்டு முட்டை ஆம்லெட்டை முடித்திருந்தார்.

"மேடம், இன்னைக்குச் சஷ்டிங்க."

"அப்படிங்களா?" என்றார். வாயைத் துடைத்தார். "கடல் தாண்டுனா கணக்கில்லீங்க கண்ணு."

அந்த ஆம்லெட்தான் என் கண்ணைத் திறந்தது. சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அதிரசம் வந்தது. அப்பா பார்த்துக்கொண்டு நின்ற அரிவாள் வந்தது. இருந்தும் மனசு ஒப்பவில்லை. நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று சோதித்துப் பார்த்தேன். சோதித்ததை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் செய்யக்கூடிய சோதனையா அது? முழு ஆப்பிள் கொடுத்தால் வாங்கினார். நறுக்கிய ஆப்பிள், "வயிறு நெறஞ்சிருக்குதுங்க." மூடி பிரிக்காத தயிர் டப்பா கொடுத்தால் சாப்பிட்டார். நான் பிய்த்துக் கொடுத்த ரொட்டியைக் காரின் முன்பலகையில் வைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு குளத்து வாத்துகளுக்கு மறக்காமல் போட்டார். வாத்துகளுக்கு விரதமில்லை.

நான்காம் நாள் நடந்ததைச் சொன்னால் நீங்களும் என்னைப் போலக் குழம்புவீர்கள். ஒரு சந்தை ஊரில் துணிக்கடை. கடைக்காரர் விரிப்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, என்னைக் காட்டி ஏதோ கேட்டார். நான் மொழிபெயர்க்காமல் நின்றேன்.

"என்ன சொன்னாருங்க? அப்படியே சொல்லுங்க."

"நான் உங்க ஊட்டு வேலைக்காரியான்னு கேக்கறாருங்க."

அவருடைய முகம் சிவந்தது. விரித்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்தார். "இவங்க என்ற கம்பெனி ஆபீசருன்னு சொல்லுங்க. இவங்களுக்கு மரியாதை இல்லாத கடையில என்ற துணி தொங்க வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையாமச் சொல்லுங்க." சொன்னேன். அந்த வாரத்திலேயே பெரிய ஆர்டர் அந்தக் கடையில்தான் கிடைத்திருக்கும். உதறிவிட்டு வெளியே வந்தார். எனக்குக் குளிர்கிறது என்று தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டார். காருக்குள் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. இவரையா நான் சந்தேகப்பட்டேன் என்று என் மேலேயே கோபம். கையில் இருந்த ஆரஞ்சை உரித்து, நார் எல்லாம் எடுத்து, சுளை சுளையாக அவரிடம் நீட்டினேன்.

"வாய் புளிக்குதுங்க கண்ணு. நீங்க சாப்புடுங்க," என்றார், அன்பாகவே.

அந்தச் சுளைகளை நானும் சாப்பிடவில்லை. ஜன்னலைத் திறந்து மொத்தத்தையும் வெளியே வீசினேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மழை. ஒரு மலைக்கிராமத்துப் பண்ணை வீட்டில், விடிந்து எழும்போதே அவருக்கு நல்ல காய்ச்சல். அந்த வீட்டம்மா எழுபது வயது விதவை. தனியாக மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்பவர். மருந்துக் கடை எங்கே என்று கேட்டால் மலை இறங்க வேண்டும் என்றார். நான் பெட்டியில் கொண்டுபோயிருந்த புழுங்கலரிசியை எடுத்தேன். வீட்டம்மாவின் அடுப்பில், அவருடைய பாத்திரத்தில், பூண்டு தட்டிப்போட்டு, சீரகம் வறுத்துப்போட்டு, மிளகு பொடித்துப்போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா காய்ச்சும் கஞ்சி. மாடிக்குக் கொண்டுபோய்க் கட்டிலருகில் உட்கார்ந்தேன்.

கண் திறந்து பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

"இப்ப வேண்டாமுங்க கண்ணு. அப்பறம் பாக்கலாம்."

"ரெண்டு வாய் குடிங்க மேடம். நேத்து மத்தியானத்துல இருந்து ஒண்ணுமே சாப்புடலீங்க."

"கசக்குதுங்க கண்ணு. வச்சிருங்க." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ஏன் குடிக்கவில்லை என்று வீட்டம்மா கேட்டார். நான் படித்த பிரெஞ்சுப் புத்தகங்களில் கடைக்குப் போவது எப்படி, ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி என்றெல்லாம் பாடம் உண்டு. இதற்குப் பாடம் கிடையாது. "கூச்சப்படுகிறார்," என்றேன். அந்தக் கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூச்சம் என்று நான் சொன்னதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, மரப்படி அதிர மேலே ஏறினார். கொஞ்ச நேரத்தில் வெறும் கிண்ணத்தோடு வந்தார். பாத்திரத்திலிருந்து இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறினார். அதுவும் வெறுமையாகவே வந்தது.

நான் அந்தச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. என் அரிசி, என் சீரகம், நான் கிளறின கிளறல். கைதான் மாற வேண்டியிருந்தது. மாட்டுச் சாணம் காயாத கை ஆகும், என் கை ஆகாது. இறங்கி நடந்து ஏதாவது ஒரு ஊருக்குப் போய் ரயில் ஏறிவிடலாம் என்று பார்த்தேன். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அவருடைய பையில் இருந்தன. ஊரில் அம்மா அவருடைய குடோனில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. அவரே காரை எடுத்தார். மலை இறங்கும் வரை பொறுத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"மேடம், நேத்தைக்கு நீங்க குடிச்ச கஞ்சி நான் காச்சுனதுங்க."

கார் கொஞ்சம் கூட வேகம் குறையவில்லை.

"தெரியுமுங்க கண்ணு. வெள்ளைக்காரிக்குச் சீரகம் வறுத்துப்போடத் தெரியுமா?"

"தெரிஞ்சுமா என்ற கையில வாங்கல?"

ஒரு லாரியை முந்தவிட்டார். அப்புறம், "அது கை பழக்கமுங்க கண்ணு. மனசுல ஒண்ணுமில்லீங்க," என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஊருல போயி இத யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. ஒறம்பரைக ஆளுக்கொண்ணு பேசுவாங்க. உங்களுக்கும் நல்லால்ல, எனக்கும் நல்லால்ல."

மனசில் ஏதாவது இருந்திருந்தால் கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தீட்டு, பாவம் என்று அவர் மெய்யாகவே நம்பினால், அவரோடு சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். ஒன்றுமே இல்லாமல்தான் என் அப்பாவை அரிவாளோடு நிற்க வைத்தாராம். ஒன்றுமே இல்லாமல்தான் அம்மா ஐந்தாறு கிறிஸ்துமஸ் அதிரசம் சுட்டாளாம். அவருக்கு வேண்டியிருந்தது நாலு சொந்தக்காரர்களின் நல்ல வார்த்தை. அதற்கு நாங்கள் விலை. மிச்சமிருந்த இரண்டு நாளும் கடைக்காரர்களிடம் பேச வேண்டியதைத் தவிர நான் வாய் திறக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. இறங்குகிற ஊரிலெல்லாம் எனக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுத்தார்.

ஆர்டர்கள் நிறையவே கிடைத்திருந்தன. ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். கோயமுத்தூர் ஸ்டுடியோவில் கழுவிய போட்டோக்களோடு என்னையும் வரச் சொல்லியிருந்தார். கோயமுத்தூர் ஆபீசில் நான் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்காருவேன். தோட்டத்து வீட்டில் ஹால் நிலைப்படிக்கு வெளியே நிற்பேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் காலும் பழகியிருந்தது. அம்மா கொல்லைப்புறத்தில் விருந்துப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

அவர் கதை சொல்ல வல்லவர். ரவுண்டானாவைச் சொன்னார், மொட்டை மாடுகளைச் சொன்னார். ஹாலே சிரித்தது. என்னை வேலைக்காரியா என்று கேட்ட கடைக்காரரைச் சொல்லாமல் விட்டார். பிறகு தனக்குக் காய்ச்சல் வந்த கதைக்கு வந்தார்.

"அந்த ஊட்டம்மா இருக்காங்களே, பெத்த தாயாட்டங்க! அரிசியப் போட்டு, பூண்டப் போட்டு, சீரகம் மணக்க மணக்கக் கஞ்சி காச்சித் தூக்கிட்டு வந்து என்ற பக்கத்துல உக்காந்து ஊட்டி உட்டாங்க. ரெண்டு கிண்ணம் குடிச்சேனுங்க. அந்தக் கஞ்சி இல்லீன்னா நான் ஊரு வந்து சேந்திருக்க மாட்டேன்."

ஒரு மாமா நம்பாமல் சிரித்தார். "பிரான்சுக்காரி பூண்டுக் கஞ்சி காச்சுனாளா? கத உடாதம்மிணி."

அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அதே கனிவு, அதே சிரிப்பு.

"இவங்களக் கேளுங்க. கூடவே இருந்தாங்க. இல்லீங்களா கண்ணு?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மலைச் சரிவில் இறங்கிய காருக்குள் இருந்தே நான் இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஏழெட்டு விதமாக, விமானம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "நான் காச்சுனேன், நீங்க குடிச்சீங்க." அவ்வளவுதான். நாலே வார்த்தை.

"ஆமாங்க மேடம்," என்றேன்.

ஹால் மறுபடி சிரித்தது. மாமா, "காலம் மாறிப்போச்சு பாருங்க," என்றார். அவர் அடுத்த போட்டோவுக்குப் போய்விட்டார். வாங்க, போங்க என்று வளர்க்கப்பட்ட என் நாக்கை அப்படியே பிய்த்து எறியலாம் போல இருந்தது.

பொழுது சாய நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்தோம். அம்மாவின் கையில் அவர் கொடுத்தனுப்பிய பலகாரத் தூக்கு. வாய்க்காலைத் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"கண்ணு, அந்தக் கஞ்சி நீ காச்சுனதுதான?"

ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். பூண்டு, சீரகம் என்றதுமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியாதா?

"ஆமா," என்றேன். இனி அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் ஏன் சொல்லவில்லை, நாக்கு அறுந்தா போச்சு என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அம்மா நின்றுவிட்டாள். தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நீ காச்சுனதுன்னு அம்மணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே குடிச்சாங்களா?"

"தெரிஞ்சுதான். ரெண்டு கிண்ணம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படியொரு மலர்ச்சியை நான் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றும் பார்க்கவில்லை, வீடு குடிபோன அன்றும் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது அவளுக்கு. "குடிச்சாங்களா! நம்ம கைக் கஞ்சிய அம்மணி குடிச்சாங்களா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஐம்பது வருஷத்துக் கும்பிடுக்கும் கூலி கிடைத்துவிட்டது போல நின்றாள். எனக்கு அந்த வாய்க்காலிலேயே விழுந்துவிடலாம் போல இருந்தது. அவர் கஞ்சியை வாங்காததைக் கூட நான் மறந்திருப்பேன். என் அம்மாவை இதற்குச் சந்தோஷப்படுகிறவளாக ஆக்கி வைத்தாரே, அதை மறக்க முடியாது.

கொஞ்ச தூரம் நடந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இத யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. பாவம், அம்மணிக்கு அவங்க சனத்து நடுவால தலைகுனிவாப் போயிரும்."

அம்மா கேட்டதற்காக, அவள் இருந்தவரை நான் சொல்லவில்லை. போன மாதம் அவளை அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.